பங்குக் கொல்லையில் விளைந்த பொக்கு

ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது நிலக்கடலைக் கொல்லைக்கு, நான் சொந்தக்காரி. அதில் பாதி விளைச்சலுக்கு இன்னொருத்தி சொந்தக்காரியாக இருந்தாள். இருந்தாள் என்று எழுதும்போதே எனக்கு எரிச்சலாக வருகிறது. அவள் எங்கும் போய்விடவில்லை. நேற்றுக்கூட பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, பேசவும் இல்லை. எங்கள் பங்கு முறிந்ததற்குப் பூச்சியும் காரணமில்லை, மழையும் காரணமில்லை. நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எல்லாப் பழியையும் மருந்து பாட்டில் மேல் போட்டுவிட்டு நல்லவள் மாதிரி எழுந்து போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் பனமலைக்குப் பின்னால் இருக்கிறது. ஏரித் தண்ணீர் பாய்கிற இடமெல்லாம் நெல். என் கொல்லை ஏரிக்கு எட்டாத மேட்டில், செம்மண்ணும் மணலும் கலந்த நிலம். கிணறு ஒன்று உண்டு, மோட்டார் உண்டு. என் வீட்டுக்காரர் பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகிறவர். அவருக்குக் கொல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து வரப்பில் நின்று போன் பேசுகிற இடம். அதனால் விவசாயம் என் தலையில்தான்.

ஆள் கிடைப்பது பெரும் பேஜாரு. களை எடுக்கிற வயதில் இருக்கிற பெண்களைக் கம்பெனி வேன் விடியலிலேயே அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மிச்சம் இருப்பவர்கள் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். எங்கள் ஊர்க் காலனியில் ஒருத்தி மட்டும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு களைக்கு வருவாள். என்னைவிட ஆறேழு வயது சிறியவள். பேச்சு குறைவு, கை வேகம். வந்த இடத்தில் வேலையை முடிக்காமல் வெற்றிலை போட உட்கார மாட்டாள். ஒரு நாள் அவளே கேட்டாள்.

"கூலிக்கு வர்றதுக்குப் பதிலா பங்குக்கு எடுத்துக்கினா இன்னாக்கா? வெத, உரம், மருந்து உங்களுது. தண்ணி கட்றது, களை, காவலு, பறிக்கிறது எல்லாம் என்னுது. வெளையறதுல பாதி பாதி."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எனக்கும் ஆள் தேடி அலைகிற வேலை மிச்சம். சரி என்றேன். எங்கள் பக்கம் இப்படிப் பங்கு வைப்பது புதிதில்லை. ஆனால் வாயால் பேசிக்கொள்ளாத இன்னொரு பேச்சு அதற்குள் இருக்கிறது. உரத்துக்குப் பணம் போடுகிறவள் என்ன உரம் என்று தீர்மானிப்பாள். மற்றவள் அதைத் தலையில் சுமந்து கொண்டுபோய்ப் போடுவாள். பாதி பாதி என்பது களத்தில் அளக்கும்போது வருகிற பேச்சு, விதைக்கும்போது அது கிடையாது.

அவளுக்கு இந்தப் பங்கு எதற்கு என்றும் சொல்லியிருந்தாள். பக்கத்து ஊரில் ஒருவர் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டார். அவருடைய அரை ஏக்கரை ஆடிப் பட்டத்துக்குக் குத்தகைக்கு விடுவதாக இவளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். குத்தகையை எப்படியோ புரட்டிவிடுவாள். விதைக்காய்தான் பெரிய தடை. மல்லாட்டையில் உழவைவிட உரத்தைவிட விதைதான் ஆளைச் சாய்க்கும் என்பது போட்டவர்களுக்குத் தெரியும். என் கொல்லையில் விளைகிற பாதிப் பங்கில் நல்ல காயாகப் பொறுக்கி விதைக்கு வைத்துக்கொள்வது அவள் கணக்கு.

"எங்க வூட்ல யாரும் இது என் வெள்ளாமைன்னு சொன்னது கெடையாதுக்கா. நான் ஒரு தபா சொல்லிப் பாக்கணும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அன்றைக்கு அவளை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

இந்த நேரத்தில்தான் நான் பெரிய மனுஷி ஆகியிருந்தேன். திண்டிவனத்தில் உழவர் குழு ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். நூற்றுக்கணக்கில் உறுப்பினர்கள், பத்து டைரக்டர்கள். பெண்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று ஏதோ விதி இருந்ததால் நானும் ஒரு டைரக்டர். கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள். கூட்டத்துக்குப் போனால் பிளாஸ்டிக் நாற்காலியில் இல்லை, குஷன் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். ஆபீசர் என்னை மேடம் என்பார். ஊரில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே நான் மாதம் இரண்டு தடவை பஸ் ஏறினேன் என்று இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். அந்த வேகத்தில் அவளையும் குழுவில் உறுப்பினராகச் சேர்த்துவிட்டேன். குத்தகைக்குப் பயிர் வைப்பவர்களும் சேரலாம் என்றார்கள்.

குழுவில் உரத்தைத் தனியாகத் தர மாட்டார்கள். கிட் என்று ஒன்று வைத்திருந்தார்கள். விதை, டிஏபி, யூரியா, அதோடு ஒரு பச்சை மூடி போட்ட பாட்டில். எல்லாம் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். பாட்டில் வேண்டாம் என்றால் விதையும் இல்லை. டவுன் கடைகளில் யூரியா கேட்டால் கூடவே எதையாவது தலையில் கட்டுவார்களே, அதே கூத்துதான், இங்கே மைக் வைத்துச் சொன்னார்கள். மல்லாட்டையில் காய் கட்டுவதற்குப் போடுகிற ஜிப்சம் அந்தக் கிட்டில் இல்லை. நான் கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

"அதெல்லாம் பழைய முறை மேடம். மூட்டை மூட்டையா சுமக்கணும். இந்தப் பாட்டில்லயே கால்சியம் இருக்கு. பூ எடுக்கும்போது ஒண்ணு, அப்புறம் ஒண்ணு, ரெண்டு ஸ்ப்ரே போதும்" என்றார் ஆபீசர். நான் தலையாட்டினேன். மேடம் எப்படிக் குறுக்குக் கேள்வி கேட்பது?

மார்கழியில் விதைத்தோம். முளைப்பு அழகாக வந்தது. அவள் களை எடுத்த கொல்லையைப் பார்த்தால் வீட்டைப் பெருக்கி வைத்த மாதிரி இருக்கும். கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது வந்து தண்ணீர் கட்டினாள். ஒரு முறைகூடத் தவறவில்லை. இதை நான் இங்கே அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் எழுத வேண்டிய இடத்தில் எழுதவில்லை.

நாற்பது நாள் ஆனபோது இரண்டாம் களை. பூவெல்லாம் விழுது விட்டு மண்ணுக்குள் இறங்குகிற நேரம். மல்லாட்டைக்கு அந்த நேரத்தில்தான் ஜிப்சம் போட்டு மண் அணைப்பார்கள். அவள் களைக்கொத்தை வைத்துவிட்டு வரப்புக்கு வந்தாள்.

"அக்கா, ஜிப்சம் போட்ரலாங்கா. அக்ரி டிப்போவுல கெடைக்குது. இந்த மண்ணு ஜிப்சம் இல்லாம காய் கட்டாது. ஏரிக்கு மேக்கால ஒருத்தவுங்க கொல்லையில போன வருஷம் அப்படித்தான் பூரா பொக்கா போச்சு. நான்தான் பறிக்கப் போனேன்."

பொக்கு என்றால் வெறும் ஓடு. வெளியில் பார்த்தால் காய் மாதிரியே இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. அவள் இருபது பேர் கொல்லையில் குனிந்து எழுந்தவள். எந்த மண்ணில் என்ன போட்டால் என்ன வரும் என்று கையால் பார்த்தவள். நான் என் ஒரே கொல்லையையும் திண்டிவனத்துக் குஷன் நாற்காலியையும் பார்த்தவள். யார் பேச்சு எடுபட்டது என்று சொல்லவும் வேண்டுமா?

"பாட்டில்லயே எல்லாம் இருக்குதாம். நீ அடி, பாத்துக்கலாம்" என்றேன். அவள் அன்றைக்கே டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அடித்தாள். என் காசு, என் மருந்து, அவள் முதுகு.

இன்னும் ஒரு பதினைந்து நாள் போயிற்று. கொல்லை கறுகறு என்று பச்சை கட்டி நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் போட்டோ எடுத்துக் குழு வாட்ஸப்பில் போட்டேன். கைதட்டல் வந்தது. அவளுக்கு மட்டும் அந்தப் பச்சை பிடிக்கவில்லை. செடிக்குத் தழை போகிறது, காய்க்கு ஒன்றும் போகவில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நான் திண்டிவனத்தில் பயிற்சி வகுப்பு ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது போன் செய்தாள்.

"அக்கா, ஒரு செடிய புடுங்கிப் பாக்கலாமா? உள்ள பருப்பு புடிக்குதான்னு தெரிஞ்சிடும். இல்லன்னா ஜல்தியா ஜிப்சம் வாங்கிப் போட்டா பின்னால எறங்கற காயாவது தேறும்."

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பங்கு வைத்த மல்லாட்டைக் கொல்லையில் அறுவடைக்கு முன்னால் யாரும் தனியாகச் செடி பிடுங்கக் கூடாது. இரண்டு பங்குக்காரர்களும் நின்றுதான் பிடுங்கிப் பார்க்க வேண்டும். பச்சை மல்லாட்டையை ஒருத்தர் தெரியாமல் பிடுங்கித் தின்றுவிடுவார், விற்றுவிடுவார் என்ற சந்தேகத்தில் பிறந்த வழக்கம். இரண்டு பேருக்கும் பொது என்றுதான் பெயர். ஆனால் நிலத்துக்காரி ஒரு செடியைப் பிடுங்கினால் சோதித்துப் பார்த்தாள் என்பார்கள். காலனிக்காரி பிடுங்கினால் திருடினாள் என்பார்கள். அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் ஒரே ஒரு செடிக்கு என்னிடம் போன் போட்டு அனுமதி கேட்டாள்.

பிடுங்கிப் பார் என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டு சொல். எனக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு செடி என்று ஆரம்பித்தால் நாளைக்கு இன்னொன்று என்பாள், வரப்போரத்தில் நான்கு பேர் பார்ப்பார்கள், இவள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டாள் என்று என்னைப் பேசுவார்கள். இரண்டு மாதமாக என் கொல்லையைத் தன் கொல்லையாகப் பார்த்தவள் மேல் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. வந்ததற்கு வெட்கப்படுகிறேன்.

"நான் இல்லாம புடுங்காத. ஞாயித்துக்கெழம நானே வந்து பாக்கறேன்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் வீட்டில் மஞ்சள் நீராட்டு. அதற்கு அடுத்த வாரம் குழுவுக்கு யாரோ பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்று டைரக்டர்கள் எல்லோரும் விழுப்புரம் போனோம். அவள் இரண்டு முறை ஆள் அனுப்பினாள். நான் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று பன்னிரண்டு நாள் கடத்தினேன். அவள் பிடுங்கவில்லை. அத்தனை ஆயிரம் செடிக்கு நடுவில், கை எட்டுகிற தூரத்தில், தினமும் தண்ணீர் கட்டிக்கொண்டு, ஒரு செடியைக்கூடப் பிடுங்காமல் நின்றாள். இதைவிட ஒரு பங்குக்காரி நேர்மையாக இருக்க முடியாது. அந்த நேர்மைதான் கொல்லையைக் கவிழ்த்தது. இல்லை, நான் அவளுக்குப் போட்ட கட்டளைதான் கவிழ்த்தது என்று சொல்வதே சரி.

கடைசியில் ஒரு நாள் காலை இருவரும் சேர்ந்து பிடுங்கினோம். கொத்தாகக் காய் வந்தது. எனக்குச் சந்தோஷம். அவள் ஒரு காயை விரலால் அழுத்தினாள். அது வெறுமனே அமுங்கியது. இன்னொன்று, இன்னொன்று. பத்தில் இரண்டில்தான் பருப்பு இருந்தது, அதுவும் சூம்பி. அவள் கையில் இருந்த செடியைக் கீழே போடாமல் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"இப்ப ஜிப்சம் போடலாமா?" என்று கேட்டேன்.

"இனிமே போட்டு இன்னாத்துக்குக்கா" என்றாள்.

அப்புறம் டிப்போவில் கேட்டபோது அங்கே இருந்த அதிகாரி ஒரே வரியில் சொல்லிவிட்டார். மல்லாட்டைக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தானே மண்ணிலிருந்து உறிஞ்சும், இலை மேல் அடித்தால் காய்க்கு இறங்காது. படித்த அதிகாரி சொன்னதும் நம்பினேன். அதையேதான் அவள் அன்றைக்குக் களைக்கொத்தை வைத்துவிட்டு வந்து சொன்னாள்.

சித்திரையில் பறித்தோம். செடி நிறைய, காய் நிறைய, தூற்றினால் பாதி காற்றோடு போயிற்று. நின்றதைப் பாதி பாதி அளந்தோம். மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டுபோனால் வியாபாரி கை நிறைய அள்ளி உடைத்துப் பார்த்துவிட்டு, விலை சொல்லாமலே அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார். கெஞ்சிக் கூப்பிட்ட பிறகு கேட்ட விலைக்குக் கொடுத்தேன். என் வீட்டில் ஷிப்டு சம்பளம் இருக்கிறது, அடுப்பு எரிந்தது. அவள் தன் பங்கை விற்கவில்லை. வீட்டு வாசலில் கொட்டி வைத்து, விதைக்குத் தேறுமா என்று மூன்று நாள் ஒவ்வொரு காயாகப் பொறுக்கினாள். அரை ஏக்கருக்கு வேண்டியதில் கால் பங்குகூடத் தேறவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் தெரியாமல் செய்த தப்பு என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

குழுவில் நிறையப் பேருக்குப் பொக்கு. கேள்வி கிளம்பியது. ஆபீசர் டைரக்டர்களை முதலில் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு ஃபார்ம் கொடுத்தார். மகசூல் குறைந்ததற்குக் காரணம் என்று நான்கு கட்டம் இருந்தது. இடுபொருள், வானிலை, பூச்சி நோய், பராமரிப்புக் குறைவு.

"இடுபொருள்னு டிக் பண்ணா அடுத்த பருவத்துக்கு கிட் நின்னு போயிடும் மேடம். டைரக்டரே அப்படி எழுதினா குழு பேரு கெட்டுடும். பராமரிப்புன்னு போட்டுடுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார்.

எனக்கு உண்மை தெரியும். பேனா என் கையில் இருந்தது. பராமரிப்பு என்ற கட்டத்தில் டிக் செய்தேன். கீழே ஒரு கோடு இருந்தது, பராமரிப்புப் பொறுப்பாளர் பெயர் என்று. அவள் பெயரை எழுதினேன். இனிஷியலோடு, தெளிவாக. தண்ணீர் பாய்ச்சுவதில் தாமதம் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சேர்த்தேன். டீயும் பிஸ்கட்டும் வந்தன, சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவள் என் மாட்டுக் கொட்டகைக்கு வந்தாள். நான் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான் தண்ணி சரியா கட்டலன்னு எழுதிக் குடுத்தீங்களா?"

"யாரு சொன்னது?"

"ஆபீசுலயே காட்னாங்க. நானும் மெம்பர்தானே, அந்த அரை ஏக்கருக்கு வெத கேட்டுப் போனேன். என் பதிவு சரியில்ல, தர முடியாதுன்னுட்டாங்க. இன்னா பதிவுன்னு கேட்டேன். பேப்பர எடுத்துக் காட்னாங்க. ஒங்க கையெழுத்து இருந்துச்சு."

"அது சும்மா ஒரு ஃபார்மும்மா. எல்லாரும் அப்படித்தான் எழுதினாங்க. நீ பெருசா எடுத்துக்காத."

"ஒரு நாளு தண்ணி தவறினேனா? அத மட்டும் சொல்லுங்கக்கா."

நான் சாணிக் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவளுக்கு விதை கிடைத்திருக்காது, ஆனால் அந்தச் சொல்லாவது கிடைத்திருக்கும். அதையும் கொடுக்கவில்லை. அவள் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் நானும் எதிர்த்துக் கத்தி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

மறுநாளே திண்டிவனம் போய் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எழுதியிருக்கலாம். பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. டைரக்டர் கேட்டால் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அவள் பெயரை அடித்தால் மருந்தின் பெயரை எழுத வேண்டும். மருந்தின் பெயரை எழுதினால் அந்த நாற்காலி போய்விடும். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஆனி முடிந்தது.

ஆடி பிறக்கிற நேரத்தில் சென்னைக்குப் போன அந்த நிலத்துக்காரர் எனக்குப் போன் செய்தார். அவளால் விதை புரட்ட முடியவில்லையாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். நிலம் சும்மா கிடக்கிறது, நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, நான் எடுக்காவிட்டால் வேறு யாராவது எடுக்கத்தானே போகிறார்கள் என்று தோன்றியது. அப்படித் தோன்றினால் மனுஷிக்கு எதையும் செய்யத் துணிவு வந்துவிடுகிறது. எடுத்துக்கொண்டேன். குழுவில் எனக்கு விதை கொடுத்தார்கள். என் பதிவு நன்றாக இருந்தது.

போன மாதம் அந்த அரை ஏக்கரில் இரண்டாம் களை. ஆள் சொல்லி அனுப்பியிருந்தேன். வந்தவர்களில் அவளும் இருந்தாள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மற்றவர்களோடு வரிசையில். நான் இந்த முறை பாட்டிலை நம்பவில்லை. டிப்போவிலிருந்து ஜிப்சம் மூட்டைகளை வண்டியில் கொண்டுவந்து வரப்பில் இறக்கியிருந்தேன். விழுது இறங்க ஆரம்பித்திருந்தது. இன்றைக்கே போடலாமா, இல்லை ஒரு தண்ணீர் கட்டிவிட்டுப் போடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு அவளை விட்டால் வேறு ஆளும் இல்லை. கிட்டே போய் நின்றேன்.

"ஜிப்சம் வந்துடுச்சு. இன்னிக்கே போட்டுடலாமா, நாலு நாள் போவட்டுமா? பாத்து சொல்லேன்" என்றேன்.

அவள் கொத்தை நிறுத்தவில்லை.

"நான் கூலிக்கு வந்துகிறேங்க. களை எங்க இருக்குதுன்னு கேளுங்க, சொல்றேன்" என்றாள்.